கண்ணாடி எடுத்து வராதவர்களுக்கு மருந்து கொடுப்பது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் எங்களுக்கெல்லாம் பழகிப்போன ஒரு பதில் உண்டு. "சீட்டுல எழுதியிருக்கிறதைப் பார்த்துப் போட்டுக்கங்கம்மா" என்றால், "கண்ணாடி எடுத்துட்டு வரலையே சார்" என்பார்கள். அதில் பல பேருக்கு வீட்டிலும் கண்ணாடி கிடையாது. வரிசையில் நாலு பேர் நிற்கும்போது படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். அதனால் படிக்கத் தெரியுமா என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி வாயால் சொல்லிவிடுவது நல்லது. பட்டம் வாங்கியவருக்கே 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்று எழுதியிருப்பது புரியாமல் போவதுண்டு.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் 1990களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் பெரிதாக நடந்தது. பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது தமிழ் படித்த அம்மாக்களில் பலர் இன்று அறுபதைத் தாண்டியவர்கள், சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருகிறார்கள். பேருந்தின் பெயர்ப் பலகையைப் படித்துவிடுவார்கள். ஆனால் மாத்திரை அட்டையில் இருப்பதோ பொடி ஆங்கிலம். படித்தவரும் அங்கே படிக்காதவர் ஆகிவிடுகிறார்.

ஆகவே நிறத்தையும் அட்டையையும் வைத்துத்தான் மருந்தை அடையாளம் பிடிக்கிறார்கள். சிக்கலும் அங்கேதான். அரசு மருந்துகள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் டெண்டர் மூலம் வருபவை. கம்பெனி மாறினால் அட்டையும் மாறும், உள்ளே இருக்கும் மருந்து அதேதான். பாட்டிக்கு அது புது மாத்திரை. மிச்சமிருக்கும் பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று என்று சேர்த்துப் போட்டுவிடுவார். கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை இப்படி இரட்டிப்பானால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கமே வரலாம். அதனால் மருந்து வாங்க வரும்போது வீட்டில் மிச்சமிருக்கும் அட்டைகளையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். மாத்திரையைப் பிரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள ஓரத்தைக் கடைசி வரை விட்டுவையுங்கள்.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்தில் எனக்கு இன்னும் பயம் அதிகம். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. இரண்டும் ஒன்றுதானே என்று சொட்டு மருந்தை சிரப் மூடியில் 5 மில்லி ஊற்றிக் கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போகிறது. பெரியவர்கள் போடும் முழு மாத்திரை அது! சொட்டு மருந்தை அதனுடன் வரும் டிராப்பரில் மட்டும்தான் அளக்க வேண்டும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொடியை டம்ளருக்குக் கொஞ்சமாகக் கலக்குவதும் நிறைய நடக்கிறது. பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கடையில் விற்கும் சின்ன பாக்கெட் 200 மில்லிக்கானது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, குறைந்தால் பலன் இல்லை.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுல மருமக கேட்டா எப்படிப் போடணும்னு சொல்லுவீங்க?" என்று கேட்டால்தான் எது போய்ச் சேர்ந்தது என்று தெரியும். காலை மாத்திரைக் கவரில் சூரியனும் இரவு மாத்திரைக் கவரில் நிலாவும் வரைந்து கொடுக்கிறேன். பள்ளிக்குப் போகும் பேத்தியைப் படிக்கச் சொல்லலாமே என்பார்கள். பிரஷர் மாத்திரைக்குச் சரி. காசநோய்க்கும் கருத்தடைக்கும் பிள்ளைகளை நடுவில் நிறுத்துவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் இந்த இடத்தில் உதவுகிறது. வீடு தேடி வரும் தன்னார்வலர் அலமாரியில் இருக்கும் எல்லா மாத்திரையையும் பார்க்க முடியும். ஜன்னலில் இருந்து எனக்கு அது தெரியாது. அவர்கள் வந்தால் டப்பாவோடு எடுத்துக் காட்டுங்கள்.

அப்புறம் பண உதவி. கர்ப்பம் என்று தெரிந்ததும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய், ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்துத்தான். பதிவு தள்ளிப்போனால் தவணையும் சிக்கும். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று செவிலியரிடமே காட்டிக் கேட்டுக்கொள்ளலாம், அதற்கும் கண்ணாடி வேண்டியதில்லை.