மூன்று ராக்கர், ஒரு தாழ்ப்பாள்: விடெக் எப்படி உதைக்கிறது?

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அப்பா வாங்கிய 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கை விற்க மனசில்லாமல் வைத்திருக்கிறாராம். (விடெக் என்பது எஞ்சின் வேகம் ஏறியதும் வால்வுகளை இன்னும் ஆழமாக, இன்னும் அதிக நேரம் திறக்கவைக்கும் ஹோண்டாவின் ஏற்பாடு.) "விடெக் அஞ்சாயிரம் ஆர்.பி.எம். பக்கத்துலதான் அடிக்குது சார், ஊருக்குள்ள அந்த அளவுக்கு மிதிக்க முடியறதில்ல. சிப் மாத்தி மூவாயிரத்து ஐநூறுக்கு இறக்கிடலாம்னு ஒருத்தர் சொல்றார், செய்யலாமா?"

வேண்டாம். செய்தால் சத்தம் சீக்கிரம் வரும், வண்டி மெதுவாகும். ஏன் என்று சொல்லப்போனால் நான் பல வருடமாகக் காதலிக்கும் ஒரு சின்ன இரும்பு ஊசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்: உறிஞ்சு, அமுக்கு, வெடி, வெளியேற்று. காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகள் உண்டு. அவற்றைத் திறப்பது கேம் ஷாஃப்ட், அதாவது முட்டை வடிவப் புடைப்புகள் கொண்ட ஒரு தண்டு. புடைப்பு எவ்வளவு உயரமோ வால்வு அவ்வளவு ஆழமாகத் திறக்கும், எவ்வளவு அகலமோ அவ்வளவு நேரம் திறந்திருக்கும். சரி, இது போதும்.

சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. ஐடிலிங்கில், 800 ஆர்.பி.எம்.மில், பிஸ்டன் ஒரு முறை கீழே இறங்க 37 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். 6,000 ஆர்.பி.எம்.மில் அதே வேலைக்கு 5 மில்லி விநாடிதான். காற்றுக்கும் எடை உண்டு, நகரச் சொன்னால் உடனே நகராது, ஓடத் தொடங்கினால் உடனே நிற்கவும் நிற்காது. அதனால் அதிவேகத்தில் வால்வைச் சீக்கிரமே திறந்து, பிஸ்டன் கீழே போய்த் திரும்பிய பிறகும் மூடாமல் வைத்திருந்தால், வந்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே புகுந்துவிடும். நல்ல விஷயம். ஆனால் அதே கேமை வைத்துக்கொண்டு டவுன் பஸ் பின்னால் ஊர்ந்து போனால், மெதுவாக வரும் காற்றுக்கு அந்த உந்துதல் கிடையாது, ஏறி வரும் பிஸ்டன் அதை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பிவிடும். எஞ்சின் குலுங்கும், இழுவை இருக்காது, பெட்ரோல் குடிக்கும். ஆகவே ஊருக்கு ஒரு கேம், ரேஸுக்கு ஒரு கேம் என்று எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் ரொம்ப காலம் நிலைமை.

ஐரோப்பியர்கள் இதை வேறு வழியில் அணுகினார்கள். 1980-இல் ஆல்ஃபா ரோமியோ தன் ஸ்பைடர் காரில் கேம் ஷாஃப்ட்டையே சில டிகிரி திருப்பிவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது, 1992-இல் பி.எம்.டபிள்யூ வானோஸ் என்ற பெயரில் அதே வழியில் வந்தது. எப்போது திறப்பது என்பது மாறும், ஆனால் புடைப்பின் வடிவம் மாறாது. (பழைய பி.எம்.டபிள்யூ வைத்திருப்பவர்கள் வானோஸ் என்றதும் பெருமூச்சு விடுவார்கள். அதற்குள் இருக்கும் ரப்பர் சீல்கள் வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து இறுகிப்போகும், அதைத் தெரியாதவர்கள் எஞ்சினே போய்விட்டது என்று வண்டியை விற்றுவிடுவார்கள்.)

ஹோண்டாவுக்கு வேறு நெருக்கடி. ஜப்பானில் கார் வரி எஞ்சினின் சி.சி.யைப் பொறுத்தது, ஆகவே சின்ன எஞ்சினிலிருந்து நிறையப் பிழிய வேண்டும். இக்குவோ கஜிதானியின் குழு 1.6 லிட்டரில் லிட்டருக்கு 90 குதிரைத்திறன் என்று இலக்கு வைத்திருந்தபோது, ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்த நோபுஹிகோ கவமோட்டோ, ஏன் 100 ஆக்கக் கூடாது என்று கேட்டார். அன்றைக்கு டர்போ இல்லாத ஒரு சாதாரணக் குடும்பக் காருக்கு அது அதிகப்படியான ஆசை. 1989-இல் இன்டெக்ரா வந்தது: 1,595 சி.சி., 7,600 ஆர்.பி.எம்.மில் 160 குதிரைத்திறன்.

இப்போது என் ஊசிக்கு வருகிறேன். ஒரு சிலிண்டரில் காற்று வரும் வால்வுகள் இரண்டு. சாதாரண எஞ்சினில் இரண்டுக்கும் இரண்டு புடைப்பு, இரண்டு ராக்கர் ஆர்ம், அதாவது புடைப்பின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் சிறு நெம்புகோல். விடெக்கில் இவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு புடைப்பு, உயரமும் அகலமும் அதிகம், அதன் மேல் ஒரு நடு ராக்கர். ஆனால் நடு ராக்கரின் கீழே வால்வே கிடையாது. மெதுவாக ஓட்டும்போது ஓரத்து ராக்கர்கள் இரண்டும் சின்னப் புடைப்பின் மேல் ஏறி இறங்கி ஒழுங்காக வேலை பார்க்கும், நடுவில் இருப்பது தன் பெரிய புடைப்பின் மேல் மற்றவர்களைவிட அதிகமாகத் துள்ளிக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும், கல்யாண வீட்டில் பந்திக்கும் பந்தலுக்கும் உலாத்திக்கொண்டே இருக்கும் பெரியப்பா மாதிரி. அது கேமை விட்டுத் துள்ளிப் போகாமல் அமுக்கி வைக்க மட்டும் தனியாக ஒரு ஸ்பிரிங் உண்டு.

மூன்று ராக்கர்களிலும் குறுக்காகத் துளை போட்டு, உள்ளே சிறு ஊசிகளை வைத்திருக்கிறார்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. உத்தரவு கொடுத்ததும், ஆயில் பாதையில் மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு திறக்கிறது, எஞ்சின் ஆயில் அழுத்தத்தோடு ராக்கருக்குள் புகுந்து ஊசியைத் தள்ளுகிறது. ஊசி ஒரு ராக்கரிலிருந்து அடுத்ததற்குள் பாதி நுழைந்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல மூன்றையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. அதற்கப்புறம் பெரியப்பா எழுந்தால் மற்ற இருவரும் எழுந்தே ஆக வேண்டும். பெரிய புடைப்பு எல்லா இடத்திலும் சின்னதைவிடப் பெரியது என்பதால் ஓரத்து ராக்கர்கள் தங்கள் கேமைத் தொடுவதே இல்லை. ஒரே நொடியில் எஞ்சினுக்கு வேறு கேம் ஷாஃப்ட் மாட்டியாகிவிட்டது.

நான் இதை முதல் தடவை படித்தபோது ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ராக்கர்கள் வெவ்வேறு உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது துளைகள் எப்படி நேராக நிற்கும்? நேராக நிற்காவிட்டால் ஊசி எப்படி நுழையும்? கணக்கு எளிதாக இருக்க 6,000 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்வோம். கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றும், விநாடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. அந்த 20-இல் வால்வு திறந்திருக்கும் நேரம் போக, புடைப்பே இல்லாத வட்டமான முதுகுப் பக்கத்தில் மூன்று ராக்கர்களும் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் சுமார் 12 மில்லி விநாடி. அந்த ஓய்வில் மட்டும் மூன்று துளைகளும் ஒரே கோட்டில் வருகின்றன. கண் இமைக்க அதைப்போல் பத்து மடங்கு நேரமாவது வேண்டும்.

ஆகவே ஆயில் அழுத்தம் வந்ததும் ஊசி உடனே பாய்வதில்லை. பக்கத்து ராக்கரின் மேல் முட்டிக்கொண்டு காத்திருக்கிறது, ஓய்வு வந்ததும் வழுக்கி உள்ளே போகிறது. அரைகுறையாக நுனி மட்டும் நுழைந்திருக்கும்போது புடைப்பு வந்துவிட்டால் வெளியே தள்ளப்பட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். எந்த சென்சாரும் "இப்போது நுழை" என்று சொல்வதில்லை. நாலு சிலிண்டரும் தங்கள் தங்கள் ஓய்வு வரும்போது தாமே பூட்டிக்கொள்கின்றன. யோசித்த ஆளைக் கும்பிடத் தோன்றுகிறது.

நம் ஊர் சிட்டியில் இருந்தது எளிய வகை, ஒரே கேம் ஷாஃப்ட், மூன்றாவது புடைப்பு காற்று வரும் பக்கத்தில் மட்டும். புகை போகும் பக்கத்தில் ஏன் இல்லை? அங்கே நடுவில் ஸ்பார்க் பிளக் குழாய் நிற்கிறது, பெரியப்பாவுக்கு இடமில்லை. அதோடேயே 106 குதிரைத்திறன் கொடுத்தது. 2003-இல் புது சிட்டி 77 குதிரைத்திறனோடு வந்தபோது பழையதை வைத்திருந்தவர்கள் அதை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இந்த வித்தையின் உச்சி ஹோண்டாவின் எஸ்2000 ஸ்போர்ட்ஸ் கார்: இரண்டு லிட்டர், 9,000 ஆர்.பி.எம். சிவப்புக் கோடு (அதைத் தாண்டி எஞ்சினைச் சுழற்றக் கூடாது). அந்த வேகத்தில் 84 மில்லிமீட்டர் பாதையில் மேலும் கீழும் போகும் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர்.

இனி வாசகரின் கேள்வி. ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கேமின் இழுவை கீழே நன்றாக இருந்து மேலே போகப்போகச் சரியும், பெரிய கேமுடையது கீழே மோசமாக இருந்து மேலே எழும்பும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் மாற்றினால் ஓட்டுபவருக்கு எதுவுமே தெரியக் கூடாது, சத்தம் மட்டும் மாறும். "கிக்" என்று நாம் கொண்டாடுகிறோமே, அது பெரும்பாலும் வெட்டுப்புள்ளியைத் தாண்டித் தாமதமாக மாற்றுவதால் வருவது: இழுவை ஒரு பள்ளத்தில் இறங்கி, சட்டென்று மேலே ஏறுகிறது, பள்ளம் இருப்பதால்தான் மேடு தெரிகிறது. மாறாக 3,500-க்கே இறக்கினால் பெரிய கேம் அதற்குக் கொஞ்சமும் பிடிக்காத இடத்தில் வேலை பார்க்க வேண்டும். காது சந்தோஷப்படும், ஸ்டாப்வாட்ச் சந்தோஷப்படாது. எக்ஸாஸ்ட்டும் ஏர் ஃபில்டரும் மாற்றியிருந்தால் வெட்டுப்புள்ளி கொஞ்சம் நகரும், உண்மைதான். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி டைனோவில், அதாவது வண்டியின் இழுவையை அளக்கும் இயந்திரத்தில் ஏற்றி, விடெக் இல்லாமல் ஒரு ஓட்டம், முழுக்க விடெக்கிலேயே ஒரு ஓட்டம் ஓட்டி, இரண்டு கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. "அண்ணே கையாலேயே செட் பண்ணிடுவேன்" என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நினைவில் வையுங்கள், 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது நம்மை யார் என்ன கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

டைனோ என்றதும் ஒரு புலம்பல். நம் பொறியியல் கல்லூரிகளில் பாதியாக வெட்டி சிவப்பு மஞ்சள் பெயின்ட் அடித்த எஞ்சின் கட்டாயம் இருக்கும். நான் படித்த இடத்தில் டைனோ அறை பூட்டியே கிடந்தது, சாவி யாரிடம் என்பது நாலு வருடத்தில் தெரியவில்லை. மின்சாரக் கார் வந்துவிட்டது, இனி எதற்கு எஞ்சின் ஆய்வகத்துக்குப் பணம் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் ஒரு கோட்டைத் தானே அளந்து வரையாத மாணவன்தான் நாளைக்கு பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாறுகிறான். பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது பத்து ரூபாய், பழமாவது மிஞ்சும்.

அப்புறம் ஒரு அனுபவம். என்னிடமும் ஒரு பழைய சிட்டி இருந்தது. ஒரு நாள் விடெக் அடிப்பது நின்றுபோனது, 5,000-க்கு மேல் வண்டி மூச்சுத் திணறியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். ஹெட்டை இறக்க வேண்டும், கேம் தேய்ந்திருக்கும் என்றார்கள், ஒரு தொகையும் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, எஞ்சின் ஆறிய பிறகு, சோலனாய்டைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு ரப்பர் கேஸ்கெட், அதன் நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கம்பி வலை. வலை கண்ணுக்கே தெரியவில்லை, காபி டிகாக்‌ஷன் அடியில் தங்கும் மண்டிபோலக் கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. ரப்பர் பிளாஸ்டிக்போல இறுகி, ஓரத்தில் ஆயில் கசிந்து காய்ந்திருந்தது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் விட்டது நான்தான், பழியை வேறு யார்மேல் போட. அடைத்த வலை வழியாக அழுத்தம் போகவில்லை. அழுத்தம் வரவில்லை என்று சுவிட்ச் சொன்னதும் ஈ.சி.யூ. விடெக்கையே ரத்து செய்துவிட்டது. புது கேஸ்கெட், புது ஆயில், அரை மணி நேர வேலை.

அதனால் எழுதிய நண்பரே, சிப்புக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன்னால், எஞ்சின் ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவும் நிறமும் எப்படி என்று பாருங்கள். அப்புறம் அந்த மூன்று போல்ட். வலை அடைத்திருந்தால் சுத்தம் செய்து திரும்பப் போடாதீர்கள், புதிதாகவே வாங்கிப் போடுங்கள், பழைய ரப்பர் மறுபடி பிடிக்காது. எல்லாம் சரி செய்த பிறகு ஒரு ஞாயிறு காலையில் பைபாஸில் இரண்டாவது கியரில் வைத்து மிதியுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான், ஆறிய எஞ்சினில் ஈ.சி.யூ. விடெக்கை விடாது.