'உன்னால் முடியாது' என்று கத்தும் பூச்சிகள்

மாய உலகம் ஒன்று. அதில் மொய்க்கும் பூச்சிகள் கடிப்பதில்லை, திட்டுகின்றன. 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்று சொல்லிக்கொண்டே முகத்தை நோக்கிப் பறந்து வருகின்றன. விளையாடுபவர் அவற்றை எதிர்கொண்டு அந்த உலகத்தைச் சீராக்க வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவ மனநல மருத்துவர் சாலி மெரியின் குழு உருவாக்கிய 'ஸ்பார்க்ஸ்' என்ற வீடியோ கேம் இது. மனச்சோர்வில் இருக்கும் பதின்வயதினருக்காகவே செய்யப்பட்டது. வீடியோ கேமும், ஜப்பானிய அனிமேஷன் தொடர்களான அனிமேயும் மனநலத்துக்கு உதவுமா என்ற கேள்வியை இதிலிருந்து தொடங்கலாம்.

கேம் என்றதும் பிள்ளையைச் சிரிக்கவைத்துக் கவலையை மறக்கடிக்கும் உத்தி என்று தோன்றும். ஆனால் கவலையை மறந்திருக்கும் நேரம் கேமை அணைத்ததும் முடிந்துவிடும். ஸ்பார்க்ஸ் நம்பியிருப்பது வேறொன்றை.

மனச்சோர்வின் பெரிய சூழ்ச்சி, நம் தலைக்குள் ஓடும் ஓர் எண்ணத்தை உண்மைச் செய்தி போலக் காட்டுவது. தேர்வில் மதிப்பெண் குறைந்தது என்பது நடந்த விஷயம். 'நான் ஒரு தோல்வி' என்பது அதன்மேல் மனம் எழுதிய தீர்ப்பு. சோர்ந்திருப்பவருக்கு இந்த இரண்டும் ஒன்றாகத் தெரியும். சிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழக்குகிறது. எண்ணத்தை நிறுத்தி, 'இதற்கு ஆதாரம் என்ன, வேறு விதமாகவும் பார்க்கலாமா?' என்று விசாரிக்கச் சொல்கிறது. படிக்க எளிது. ஆனால் நீச்சல் பற்றிய புத்தகத்தை மனப்பாடம் செய்தவரும் கிணற்றில் இறங்கினால்தான் நீந்தப் பழகுவார். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த விசாரணையைத் திரும்பத் திரும்பச் செய்து பழக ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்தைத்தான் கேம் தருகிறது. தலைக்குள் இருக்கும்வரை அந்த எண்ணம் 'நான்'. பூச்சியாகி எதிரே பறந்து வந்தால் அது வேறு ஓர் உயிர். அதற்குப் பதில் சொல்லலாம், விரட்டலாம். தன் எண்ணத்தைத் தானே தள்ளி நின்று பார்க்கும் பயிற்சி இது. மேசைக்கு எதிரே அமர்ந்த ஆலோசகர் வாய்ச்சொல்லால் கொண்டுவர முயல்வதை இங்கே ஒரு படம் சட்டென்று செய்துவிடுகிறது.

மொத்தம் ஏழு லெவல்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரம். பனிப்பிரதேசத்தில், முடங்கிக் கிடக்காமல் ஏதாவது ஒரு வேலையில் இறங்குவது பாடம். எரிமலைப் பகுதியில் கோபத்தைக் கையாள்வது. சதுப்பு நிலத்தில் சோர்வூட்டும் எண்ணங்களை இனம் காண்பது. மூச்சுப் பயிற்சியும் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் இடையிடையே வருகின்றன.

இவ்வளவு இருந்தும், இந்த வடிவமைப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது சண்டைக் காட்சிகள் அல்ல. ஒவ்வொரு லெவலின் தொடக்கத்திலும் முடிவிலும் 'வழிகாட்டி' என்ற பாத்திரம் மாய உலகத்துக்கு வெளியே நின்று விளையாடுபவரிடம் நேரடியாகப் பேசுகிறது. இப்போது கற்றதை உன் வீட்டில், பள்ளியில் எங்கே பயன்படுத்துவாய் என்று கேட்கிறது. அடுத்த முறைக்குள் செய்து பார்க்க ஒரு வேலையும் கொடுக்கிறது. கேமில் வரும் திறமை கேமுக்குள்ளேயே தங்கிவிடும் என்பது கற்றல் ஆய்வாளர்களின் பழைய தலைவலி. திரையில் எரிமலையைத் தாண்டுபவர் அப்பாவின் அதட்டலுக்கு முன் பழையபடி உறைந்து போகலாம். அந்த இடைவெளிக்குப் பாலம் போடுவது வழிகாட்டியின் வேலை.

2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் இதன் சோதனை முடிவு வந்தது. மிதமான மனச்சோர்வு அறிகுறிகளோடு உதவி தேடி வந்த 12 முதல் 19 வயது வரையிலான 187 பேர். ஒரு பாதிக்கு ஸ்பார்க்ஸ், மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு, அதாவது பெரும்பாலும் நேரடி ஆலோசனை. கேம் குழு எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. சிகிச்சையை முடித்தவர்களில் அறிகுறிகள் அநேகமாக நீங்கியவர்கள் கேம் குழுவில் 44 சதவீதம், மற்றக் குழுவில் 26 சதவீதம். ஒரு குறையும் உண்டு: எந்த உதவியும் பெறாத மூன்றாவது குழு இதில் இல்லை. நாள்போக்கில் தாமாகவே தேறியவர்கள் எத்தனை பேர் என்பது இதில் தெரியாது. வழக்கமான பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்ட 32 மாணவர்களிடம் நடந்த வேறொரு சிறு சோதனையில், கேமைப் பெறாமல் முதலில் காத்திருந்த குழு ஒன்றும் இருந்தது. அங்கும் ஸ்பார்க்ஸ் விளையாடியவர்களே கூடுதலாகத் தேறினார்கள்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் கேம் வெற்றிக்கதையாகிவிடும். நெதர்லாந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நைமேகன் நகரின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசபெலா கிரானிக்கின் குழு, பதற்றம் அதிகமுள்ள சிறுவர்களுக்கு 'மைண்ட்லைட்' என்ற கேமைச் சோதித்தது. இருண்ட, பேய் உலாவும் பாட்டி வீட்டுக்குள் சிறுவன் ஒருவன் நுழைகிறான். விளையாடும் பிள்ளையின் நெற்றியில் மூளையின் மின் அலைகளை அளக்கும் ஹெட்செட். மனம் தளர்ந்து அமைதியானால் சிறுவனின் தொப்பியிலிருந்து ஒளி பெருகும், பயந்தால் மங்கும். பயத்தை விட்டு ஓடாமல் அதன் நடுவிலேயே நின்று நிதானமாவது எப்படி என்பதை உடம்பே கற்றுக்கொள்ளும் ஏற்பாடு இது. உண்மையிலேயே அழகான யோசனை.

136 சிறுவர்களில் ஒரு பாதி மைண்ட்லைட் விளையாடியது. மறுபாதிக்குக் கடையில் விற்கும் சாதாரணப் புதிர் கேம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ஹெட்செட் இல்லை, சிகிச்சை உத்தி எதுவும் இல்லை. 2016இல் வந்த முடிவு: இரு குழுக்களிலும் பதற்றம் குறைந்தது, இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. பின்னர் 174 சிறுவர்களிடம் நடந்த சோதனையில் மைண்ட்லைட் நேரடி சிபிடிக்கு ஈடுகொடுத்தது. அப்படியானால் குணமாக்கியது எது? மூளை அலையா, விழுந்து விழுந்து எழும் விளையாட்டா, 'இதனால் நன்மை வரும்' என்ற எதிர்பார்ப்பா, வாராவாரம் பெரியவர் ஒருவர் அக்கறையோடு வந்து பார்த்ததா? நான் எதிர்பார்ப்புக்கும் அக்கறைக்கும் கணிசமான பங்கு கொடுப்பேன். விலை உயர்ந்த ஹெட்செட்டை விற்பவர் இந்தச் சோதனையைப் பற்றி வாய் திறக்கமாட்டார்.

அனிமேவுக்கு வருவோம். பார்ப்பவர் எந்தப் பொத்தானையும் அழுத்துவதில்லை. அதில் பயிற்சி எங்கே இருக்கிறது? இதற்கு ஒரு விடை 1971இல் உளவியலாளர் டொனால்டு மைக்கன்பாம் செய்த பாம்புச் சோதனையில் கிடைக்கிறது. பாம்பென்றால் நடுங்குபவர்களுக்கு இரண்டு வகைப் படங்களைக் காட்டினார். ஒன்றில் வருபவர் துளி பயமின்றிப் பாம்பைக் கையில் எடுப்பார். மற்றதில் வருபவர் முதலில் தயங்குவார், நடுங்குவார், தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்வார், மெல்ல மெல்ல நெருங்குவார். பார்த்தவர்களுக்கு அதிகம் உதவியது நடுங்கியவரின் படம்தான். அஞ்சாத வீரனை நாம் வியக்கிறோம். அஞ்சியவன் கடந்த வழியைத்தான் நம்மால் பின்பற்ற முடிகிறது.

இளைஞர்களுக்கான அனிமேயில் நாயகன் அழுகிறான், தோற்கிறான், மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறான், மறுபடி தோற்கிறான். புகழ்பெற்ற அனிமே ஒன்றின் நாயகன் நரூட்டோ, நிஞ்சா பள்ளித் தேர்வில் தேறாதவனாகத்தான் நமக்கு அறிமுகமாகிறான். அவன் மனதுக்குள் பேசிக்கொள்வதையும் பார்வையாளர் கேட்கிறார். நடுங்கியவரின் படத்துக்குத் தேவையான எல்லாமே அதில் இருக்கின்றன. முதல் சண்டையிலேயே நூறு பேரைத் தூக்கி எறியும் நம் ஊர் சினிமா நாயகர்கள் இந்த வேலைக்கு ஆகமாட்டார்கள். ஆனால் மைக்கன்பாம் காட்டியது பாம்பு பயத்துக்கான சிறு படம். முந்நூறு எபிசோட் பார்த்தவருக்கு மனஉறுதி வளர்கிறதா என்பது வேறு கேள்வி, அதற்கு இந்தச் சோதனையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

ஜப்பானில் யோகோஹாமா நகரப் பல்கலைக்கழகத்தின் இத்தாலிய மனநல மருத்துவர் ஃபிரான்செஸ்கோ பாந்தோ வேறு வழியில் போனார். அங்கே நடந்த சோதனையில் உளவியலாளரே அனிமே பாத்திரத்தின் உருவமும் மாற்றப்பட்ட குரலுமாகத் திரையில் தோன்றி இளைஞர்களுக்கு ஆலோசனை தந்தார். முகமூடி அணிந்த மருத்துவரிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நினைக்கலாம். அமெரிக்காவில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2014இல் நடந்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. திரையில் பேசும் உருவத்தை இயக்குவது மனிதர் என்று நம்பியவர்களைவிட, வெறும் கணினி என்று நம்பியவர்கள் தயக்கம் குறைந்து, சோகத்தை மறைக்காமல் வெளிக்காட்டினார்கள். நம்மைத் தடுப்பது பெரும்பாலும் எதிரில் இருப்பவரின் கண்கள்.

வீட்டில் பிள்ளையின் கையில் இருப்பது ஸ்பார்க்ஸ் அல்ல, சாதாரண கேம். அது கெடுக்கிறதா? பெருந்தொற்றுக் காலத்தில் ஜப்பானில் கேம் கன்சோல்களுக்குத் தட்டுப்பாடு வந்து, கடைகள் குலுக்கல் முறையில் விற்றன. யாருக்குக் கிடைக்கும் என்பதை அதிர்ஷ்டம் முடிவு செய்ததால், ஆய்வாளர்களுக்குக் காசு செலவில்லாமல் ஒரு சோதனை அமைந்தது. 10 முதல் 69 வயது வரை ஏறத்தாழ 97,000 பேரிடம் கேட்டுத் தொகுத்த அந்த ஆய்வு 2024இல் வெளியானது. குலுக்கலில் வென்றவர்களின் மனநலம் சற்று மேம்பட்டிருந்தது. நாளுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டியபின் கூடுதல் பலன் இல்லை. கட்டுப்பாடு கைநழுவி, படிப்பும் உறவும் சிதைந்த பிறகும் நிறுத்த முடியாத நிலையை உலகச் சுகாதார நிறுவனம் நோயாகவே பட்டியலிட்டிருக்கிறது. அது வேறு கணக்கு.

ஸ்பார்க்ஸை நியூசிலாந்து அரசு 2014 முதல் நாடு முழுவதும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் யாரோ ஒருவர் தொலைபேசியில் அழைத்து 'எங்கே விட்டாய்?' என்று விசாரிப்பார். வீட்டில் அப்படி யாரும் இல்லை. பதிவு செய்தவர்களில் ஒரு சிறு பகுதியினரே கடைசி லெவல்வரை போனார்கள். கோடிக்கணக்கான டாலரில் தயாராகும் கேம்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பல்கலைக்கழகப் பணத்தில் வரைந்த எரிமலை எடுபடவில்லை. அதைவிட, எதையும் தொடங்கவே மனம் வராத நோய்க்கு, நீயாகவே ஏழு முறை வந்து உட்கார் என்று சொல்லும் மருந்து இது.