பிரஷர் இல்லாதவர்களும் உப்பைக் குறைக்க வேண்டுமா?

உப்பைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "எனக்குத்தான் பிரஷரே இல்லையே" என்றுதான் பதில் வரும். நியாயமான கேள்விதான். உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர் எதற்காக ரசத்தைச் சப்பென்று சாப்பிட வேண்டும்? நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தவன். சிறுநீரகம் உப்பை எப்படிக் கையாளுகிறது என்று படித்த பிறகுதான் மனம் மாறியது.

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் சோடியத்தை உப்புக் கணக்கில் போட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். தினமும் ஒன்றரைக் கிலோ! அதில் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகிறது, நாம் சாப்பாட்டில் சேர்த்த அந்தச் சில கிராம் மட்டும்தான் சிறுநீரில் இறங்குகிறது. உப்பைக் காப்பாற்றி வைப்பதில் அவ்வளவு கெட்டிக்கார உறுப்பு அது.

சரி, உப்பு கூடிவிட்டால்? தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்போம், ரத்தத்தின் அளவு கொஞ்சம் கூடும். உப்பை உடம்பிலேயே பிடித்துவைக்கத் தூண்டும் ரெனின் என்ற பொருளின் சுரப்பைச் சிறுநீரகம் குறைத்துக்கொண்டு, சில நாட்களில் மிச்ச உப்பை வெளியே அனுப்பிவிடும். பலருக்கு இது சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் அதே உப்பை வெளியே தள்ள அழுத்தம் கொஞ்சம் ஏற வேண்டியிருக்கிறது, குழாயில் தண்ணீர் வேகமாக வரவேண்டும் என்று மாடித் தொட்டியை இன்னும் உயரத்தில் தூக்கி வைப்பதுபோல. பிரஷர் சரியாக இருப்பவர்களிலேயே சுமார் நாலில் ஒருவருக்கு இப்படி உப்புக்கு அழுத்தம் ஏறும் தன்மை உண்டு என்கிறார்கள். நீங்கள் அந்த ஒருவரா என்று சொல்ல மருத்துவமனையில் சுலபமான பரிசோதனை எதுவும் இல்லை, வயது ஏற ஏற அந்தத் தன்மையும் கூடிக்கொண்டே போகிறது. "எனக்கு பிரஷர் இல்லை" என்பது இன்றைக்கு எடுத்த அளவு, அவ்வளவுதான்.

1995-இல் வெளிவந்த ஒரு ஆய்வை என்னால் மறக்க முடியவில்லை. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில், பழமும் காயுமாகத் தின்று நன்றாக இருந்த சிம்பன்ஸிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் உணவில் உப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நாளுக்கு 15 கிராம் வரை கொண்டுபோனார்கள். 20 மாதத்தில் அவற்றின் ரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 33 புள்ளி ஏறிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் ஏறவில்லை, அதுவும் நம்மைப் போலத்தான். உப்பை நிறுத்திய ஆறு மாதத்தில் அழுத்தம் பழைய இடத்துக்கே இறங்கியது.

வயதானால் பிரஷர் வரத்தான் செய்யும் என்பார்கள். 32 நாடுகளில் நடந்து 1988-இல் வெளிவந்த இன்டர்சால்ட் ஆய்வில், உப்பு என்பதையே ஏறக்குறைய அறியாத பிரேசிலின் யானோமாமி மக்களுக்கு மேல் எண் சராசரியாக 100-ஐக்கூடத் தொடவில்லை, வயதோடு ஏறவும் இல்லை. அவர்கள் ஒல்லியானவர்கள், நாளெல்லாம் உழைப்பவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், முழுப் பெருமையையும் உப்புக்கே கொடுத்துவிட முடியாது.

எதிர்க்கட்சியும் உண்டு. 17 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ப்யூர் ஆய்வு 2014-இல் வந்தது. உப்பு மிகவும் கூடினாலும் ஆபத்து, நாளுக்கு ஏழரை கிராமுக்குக் கீழே போனாலும் ஆபத்து என்றது அது. உலக சுகாதார நிறுவனமோ 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது. யாரை நம்புவது? ப்யூர் ஆய்வில் ஒருவருடைய உப்பை ஒரே ஒரு தடவை, காலைச் சிறுநீரை வைத்துக் கணக்கிட்டார்கள். நேற்று ஊறுகாய் தொட்டுக்கொண்டதும் இன்று கஞ்சி குடித்ததும் அந்த ஒரு மாதிரியில் தெரியாது. போதாததற்கு, உடம்பு முடியாதவர்கள் குறைவாகச் சாப்பிடுவார்கள், உப்பும் குறையும், அவர்கள் இறந்தால் பழி குறைந்த உப்பின் மேல் விழும். 24 மணி நேரச் சிறுநீரைப் பல தடவை சேகரித்து, 10,000-க்கும் மேற்பட்ட, பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-இல் வந்தது. அதில் தினசரி இரண்டரை கிராம் உப்பு கூடக் கூட இதயநோய், பக்கவாத ஆபத்து 18 சதவீதம் ஏறியது, கீழே குறைந்தால் ஆபத்து என்ற வளைவு தென்படவில்லை. அளந்த விதத்துக்காகவே நான் இதன் பக்கம்.

வெயிலில் வியர்த்துக் கொட்ட வேலை செய்பவர்களுக்கும், குறைந்த அழுத்தத்தால் தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் கணக்கு வேறு. இந்துப்புக்கு மாறினால் போதும் என்று நினைக்க வேண்டாம், அதுவும் சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எங்கள் வீட்டில் நாலு பேர். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் சரியாக ஒரு மாதம் வரும், அதாவது ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல், அப்பளமும் ஊறுகாயும் கடைப் பரோட்டாவும் சேர்க்காமலே. பாக்கெட் பிரித்த தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதி வைத்தோம், மோருக்கும் சாதத்துக்கும் போடுவதை நிறுத்தினோம். முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் முகம் சுளித்தது. அப்புறம் நாக்கு பழகிவிட்டது. போன பாக்கெட் 38 நாள் வந்தது.