மனநோயைக் கடந்து வந்தவர்கள் செவிலியர் வகுப்பில் பாடம் நடத்த வேண்டும்

பி.எஸ்சி. நர்சிங் மாணவியர் மனநல வார்டுக்குப் பயிற்சிக்குச் செல்லும்போது, நோயாளியின் மனநிலையைப் பரிசோதிப்பதற்கான படிவம் ஒன்று அவர்கள் கையில் இருக்கும். அதிலுள்ள கேள்விகள் எந்தக் கல்லூரியிலும் ஏறக்குறைய ஒன்றேதான். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். ஸ்டாம்பு ஒட்டி முகவரி எழுதிய கடிதம் வழியில் கிடந்தால் என்ன செய்வீர்கள். ‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்பதற்கு என்ன பொருள். மாதக்கணக்கில் வார்டில் இருப்பவர்களிடம் ஒரு கல்லூரி கேட்டுவிட்டுப் போனால், அடுத்த கல்லூரி வந்து இவற்றையே மீண்டும் கேட்கும். பழமொழிக்கான விளக்கத்தைக் கேள்வி முடிவதற்குள்ளேயே சொல்லிவிட்டு, “அடுத்து லெட்டர்தானே சிஸ்டர்?” என்று கேட்ட பெண்மணி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சிந்தனைத் திறன் சரியாக உள்ளது என்று மாணவி குறித்துக்கொண்டார். தன்னைப் பார்க்க யார் வருவார்கள் என்று அந்தப் பெண்மணி எதிர்பார்த்திருக்கிறார் என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

மனநோயை அனுபவித்து, சிகிச்சை பெற்று, தம் வாழ்க்கையை மீட்டெடுத்தவர்கள் ஆசிரியராக வகுப்பறைக்குள் வர வேண்டும் என்பது, மனநலச் செவிலியம் கற்பிக்கும் எனது உறுதியான கருத்து. வார்டில் மாணவியர் அவர்களைச் சந்திக்கத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். வார்டில் அவர்கள் சந்திப்பது, ஒருவர் தம் நோயின் மிகக் கடினமான நாட்களில் இருக்கும்போது மட்டுமே. அவரே ஓராண்டு கழித்து வேலைக்குப் போவதையும், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு மாத்திரை வாங்க ஓ.பி. வரிசையில் நிற்பதையும் பயிற்சிக்கால மாணவி பார்ப்பதே இல்லை. ஆகவே மனச்சிதைவு நோய் என்றாலே வார்டின் மூலையில் உட்கார்ந்திருக்கும் உருவம்தான் அவர் மனதில் பதிகிறது.

எங்கள் வகுப்பில் பேசிய ஒருவர், முதன்முறையாக அனுமதிக்கப்பட்ட இரவில் தம்முடைய இரு மணிக்கட்டுகளும் கட்டிலோடு கட்டப்பட்டிருந்ததைச் சொன்னார். கட்டியது யார், எந்த ஊசி போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. தண்ணீர் கொடுத்த சிஸ்டர், “அரை மணி நேரம் கழித்து வந்து கட்டை அவிழ்க்க முடியுமா என்று பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனதும், சொன்னபடியே திரும்பி வந்ததும் மட்டும் துல்லியமாக நினைவிருக்கின்றன. உடலைக் கட்டுப்படுத்தி வைப்பதற்கான விதிகளை, அதாவது எப்போது அனுமதி பெற வேண்டும், எவ்வளவு இடைவெளியில் கண்காணிக்க வேண்டும், எதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதையெல்லாம் நான் நடத்திவிடலாம். ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவது கட்டப்பட்டிருப்பவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவரால்தான் கற்பிக்க முடிந்தது.

மருந்துகளைப் பற்றிய பாடத்திலும் இந்த வேறுபாடு உண்டு. ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவை உயர்த்தும், மாதவிடாய் தவறக்கூடும் என்று மாணவியர் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். திருமணமாகாத ஒரு பெண், மூன்று மாதம் மாதவிடாய் வராமல், வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டால், அவருடைய கோப்பில் ‘மருந்து சரியாக உட்கொள்ளவில்லை’ என்ற ஒரு வரிதான் ஏறும். குளோசபின் என்ற மற்றொரு மனநோய் மருந்தை உட்கொள்பவரின் தலையணை விடியும்போது எச்சிலில் நனைந்திருக்கும் என்பதும், அந்தக் கூச்சத்தாலேயே அவர் உறவினர் வீட்டில் தங்குவதைத் தவிர்ப்பார் என்பதும் இப்படித்தான் கோப்புக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இவற்றை அனுபவித்தவர் வாயால் கேட்ட மாணவி, “மாத்திரை போட்டீர்களா?” என்பதோடு நிற்காமல், “மாத்திரையால் என்ன தொந்தரவு?” என்றும் கேட்கிறார்.

இது புதுமையான யோசனை அல்ல. பிரிட்டனில் செவிலியர் கல்வியை ஒழுங்குபடுத்தும் கவுன்சில், 2018-இல் வெளியிட்ட தரநிலைகளில், பாடத்திட்டத்தை வடிவமைப்பது, கற்பிப்பது, மதிப்பிடுவது, மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது ஆகிய அனைத்திலும் சேவை பெறுவோரின் பங்கேற்பைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் மனநலச் செவிலியர் மையத்தில், மனநலச் சேவையைப் பெற்ற அனுபவத்தையே தகுதியாகக் கொண்ட கல்வியாளர் பணியிடம் 2000-ஆம் ஆண்டிலேயே உருவாக்கப்பட்டது. மனநோய் குறித்த தவறான எண்ணங்களைக் குறைக்கும் முயற்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து அமெரிக்க உளவியலாளர் பேட்ரிக் கோரிகன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, வயதுவந்தோரிடம் தகவல் தருவதைவிட மனநோயை அனுபவித்தவர்களுடனான தொடர்பே அதிகப் பயன் தருகிறது என்றும், அதிலும் அவர்களைக் காணொளியில் பார்ப்பதைவிட நேருக்கு நேர் சந்திப்பதன் பலன் கூடுதல் என்றும் காட்டியது.

நம் சட்டமும் இதில் முன்னே போய்விட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மாநில மனநல ஆணையத்தில் மனநோயை அனுபவித்தவர்களின் பிரதிநிதிகளுக்கு இடம் தருகிறது. ஒருவரை மருத்துவமனையில் வைத்திருப்பது சரியா என்று விசாரிக்கும் மறுஆய்வு வாரியங்களிலும், மாவட்ட நீதிபதிக்குப் பக்கத்தில் மனநோய் கொண்டவர் உறுப்பினராக அமர முடியும். அப்படிப்பட்டவருக்குச் செவிலியர் கல்லூரியின் மேடையில் ஒரு நாற்காலி இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் ஒருவரை அழைத்து வந்து மைக்கைக் கொடுத்து, கதை சொல்லவைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்புவதைக் கற்பித்தல் என்று நான் கருதவில்லை. எதைப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்பது முற்றிலும் அவருடைய முடிவாக இருக்க வேண்டும். அவருக்கு இப்போது சிகிச்சை தரும் மருத்துவரோ செவிலியரோ அழைப்பு விடுத்தால் மறுக்க முடியாமல் சம்மதிப்பார். ஆகவே அழைப்பு அந்த வழியில் போகக் கூடாது. வகுப்பு நாளன்று காலையில் “இன்று முடியவில்லை” என்று சொன்னாலும் காரணம் கேட்கக் கூடாது. படம் எடுக்கவோ பதிவு செய்யவோ எவருக்கும் அனுமதி இருக்கக் கூடாது; கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கும்கூட. வெளியிலிருந்து வரும் மருத்துவருக்கு என்ன மதிப்பூதியம் தருகிறோமோ அதே தொகையையும் பயணச் செலவையும் அவருக்கும் தர வேண்டும். வகுப்புக்கு முன்பும், முடிந்து ஓரிரு நாட்கள் கழித்தும் ஆசிரியர் ஒருவர் அவரிடம் பேச வேண்டும், ஏனென்றால் பழையவற்றைச் சொன்னதன் பாரம் சில நேரம் தாமதமாகத்தான் அழுத்தும்.

குடும்பத்தினரை அழைப்பதும் அவசியம். ஆனால் தனியாக, வேறொரு நாளில். அம்மாவும் மகனும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அம்மாதான் பேசுவார், மகன் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். மகனைக் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்த்ததைப் பற்றி இருவர் பார்வையும் ஒன்றாக இருக்காது என்பதே மாணவியர் அறிய வேண்டிய பாடம்.

மாணவியர் மனம் கலங்கிவிடுவார்கள் என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். அது உண்மையான கவலை. கேட்டுக்கொண்டிருக்கும் மாணவியரிலேயே மனச்சோர்வோடு போராடுபவர்கள், தற்கொலை முயற்சியிலிருந்து மீண்டவர்கள் இருக்கலாம். எனவே எதைப் பற்றிய வகுப்பு என்பதை முன்கூட்டியே சொல்லி, வெளியே எழுந்து போகும் உரிமையைத் தந்து, பேச விரும்புபவருக்கு ஓர் ஆசிரியரையும் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் உதவி எண்ணான 14416-ஐயும் அறிமுகப்படுத்திவிட்டுத்தான் நாங்கள் தொடங்குகிறோம். இத்தகைய வகுப்புக்குப் பிறகு, தனக்கும் சிகிச்சை தேவை என்று தயங்கித் தயங்கி வந்து சொன்ன மாணவியர் உண்டு. அதைக் கலக்கம் என்று நான் எண்ணவில்லை.

அடுத்ததாக நான் வேண்டுவது மதிப்பெண்ணில் பங்கு. செய்முறைத் தேர்வில் மாணவி நோயாளியை நேர்காணும்போது, அவர் முகம் பார்த்துப் பேசினாரா, அனுமதி கேட்டு உட்கார்ந்தாரா, பதிலைக் கேட்டாரா அல்லது அடுத்த கேள்விக்குப் போக அவசரப்பட்டாரா என்பதை, நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அனுபவம் உள்ளவர் மதிப்பிட வேண்டும். உள்மதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண்ணுக்காவது இதைத் தொடங்குவது கல்லூரி அளவிலேயே முடியக்கூடியது.