நம்பிக்கை குறைந்தால் கலையும் குறையுமா?

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வதும், உதிரும் வண்ணத்தை ஒட்டிக் காப்பாற்றுவதும் என் தொழில். கைக்கு வருபவை பெரும்பாலும் சமய ஓவியங்கள். அவற்றைப் பார்க்க வருபவர்களில் பலர், "இப்போது பக்தி போய்விட்டது, அதனால்தான் இப்படி வரைய ஆளில்லை" என்று வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. காரணத்தைத்தான் வேறு இடத்தில் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

வரைந்தவர் எவ்வளவு நம்பினார் என்பதை எந்த நுண்ணோக்கியும் காட்டாது. எவ்வளவு செலவானது என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்துவிடும். மாதாவின் நீல அங்கியிலிருந்து குண்டூசி முனையளவு துணுக்கு எடுத்துக் குறுக்குவெட்டாகப் பார்த்தால், மேலே கூர்கூரான நீலத் துகள்கள் இருக்கும். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் வெட்டிய லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்தெடுத்த அல்ட்ராமரின் அது. அதற்கு அடியில் பல படங்களில் மலிவான அஸுரைட் நீலம் ஒரு பூச்சு இருக்கும். மேல் நீலத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை!

1485இல் புளோரன்ஸ் நகரில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தின் தலைவர் கிர்லாண்டாயோ என்ற ஓவியரோடு போட்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. அவுன்ஸ் சுமார் 4 புளோரின் (அந்த ஊர்த் தங்கக் காசு) பெறும் அல்ட்ராமரின்தான் பூச வேண்டும், 30 மாதத்தில் முடிக்க வேண்டும், விலை 115 புளோரின். இப்படி வேலை வந்துகொண்டே இருந்ததால்தான் பட்டறைகள் நடந்தன, பையன்கள் தொழில் பழகினார்கள். 1488இல் அதே கிர்லாண்டாயோவிடம் 13 வயதில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்தான் மைக்கலாஞ்சலோ.

சரி, தேவாலயம் கொடுத்த வேலை நின்றுபோனால்? நெதர்லாந்தில் நின்றது. 1566இல் தேவாலயச் சிலைகளையும் படங்களையும் கூட்டம் கூட்டமாக வந்து உடைத்தார்கள். பக்தி அங்கே குறையவில்லை, புராட்டஸ்டண்ட் பிரிவான சீர்திருத்தத் திருச்சபை படங்களை வேண்டாம் என்றது, அவ்வளவுதான். வணிகர்கள் வீட்டுச் சுவருக்கு வாங்க ஆரம்பித்தார்கள். ஓவியர் சங்கங்கள் பயிற்சியை விடவில்லை. அடுத்த நூறு ஆண்டுக்குள் ரெம்பிராண்ட், வெர்மீர் எல்லாம் வந்துவிட்டார்கள். ஆனால் பிரம்மாண்டமான பீடச் சிற்பங்களுக்கு வீட்டுச் சுவரில் இடம் ஏது? அந்த இழப்பையும் மறைக்கக் கூடாது.

ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள் அருகிவிட்ட நாடு பிரான்ஸ். அங்கே 2019இல் பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயக் கூரை எரிந்தபோது 80 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை குவிந்தது. கொடுத்தவர்களில் கும்பிடாதவர்களும் உண்டு. ஆனால் பணத்தைச் சில நாளில் திரட்டிவிடலாம், ஓக் மரத்தைக் கோடரியாலேயே செதுக்கி உத்தரம் ஆக்கும் தச்சரை அப்படித் திரட்ட முடியாது. அந்தக் கைவேலையை விடாமல் பழகிவந்த தச்சர்கள் அங்கே இருந்தார்கள். அதனால்தான் பல நூறு ஆண்டு பழைய கூரையை அதே முறையில் திரும்பக் கட்டி, 2024 டிசம்பரில் திறக்க முடிந்தது.

ஒரு வழிபாட்டுத் தலம் மூடப்படும்போது கட்டடத்தை என்ன செய்வது, ஓவியத்தை எங்கே வைப்பது என்றுதான் பேசுகிறார்கள். அங்கே தங்க ரேக் ஒட்டியவருக்கும், கண்ணாடிச் சாளரத்துக்கு ஈயம் கட்டியவருக்கும், பாடகர் குழுவைப் பழக்கியவருக்கும் அடுத்த வேலை எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. பராமரிப்புக்கு நிதி ஒதுக்கும் பொறுப்பில் நீங்கள் இருந்தால், ஒவ்வொரு திட்டத்திலும் தொழில் பழகும் ஒருவருக்காவது முழுச் சம்பளம் எழுதி வையுங்கள். அந்தச் சம்பளத்தை வெட்டச் சொல்லி வந்தால், சம்மதிக்காதீர்கள்.