‘வெரி குட்’டும் ‘மக்கு’வும்

எந்தப் பிள்ளையின் கணக்கு நோட்டை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். சிவப்பு மையில் டிக், பக்கத்துக்கு ஒரு ‘குட்’, கீழே தேதியோடு கையெழுத்து. தப்பாக இருந்தால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. நோட்டைச் சரிபார்க்க வரும் அதிகாரிக்கு இது போதும். பிள்ளைக்குப் போதாது.

நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கும் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். 503-லிருந்து 287-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 384 என்று எழுதும். சரியான விடை 216. ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அந்த 384 எங்கிருந்து வந்தது? ஒன்றாம் இடத்தில் 3-லிருந்து 7 போகாது. அதனால் பிள்ளை 7-லிருந்து 3-ஐக் கழித்து 4 போட்டிருக்கிறது. பத்தாம் இடத்தில் 8-லிருந்து 0 போக 8. நூறாம் இடத்தில் 5-லிருந்து 2 போக 3. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிப்பது என்று தானாகவே ஒரு விதி வைத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் செய்திருக்கிறது. எண்களை இடமதிப்புப்படி நேராக எழுதியிருக்கிறது. ஓரிலக்கக் கழித்தல் மூன்றும் சரி. கடன் வாங்குவது மட்டும்தான் பிடிபடவில்லை.

இந்தப் பிள்ளையைப் பார்த்து ‘கவனமே இல்லை’ என்று சொன்னால் அது கண்டிப்புகூட இல்லை, தவறான தகவல். இதைவிடக் கவனமாக ஒரு தப்பைச் செய்ய முடியாது! ‘பரவாயில்லை, குட் ட்ரை’ என்பதாலும் ஒரு பயனும் இல்லை. “வரிசையா எழுதினது சரி. ஆனா மேல 3 ரூபாதானே இருக்கு, 7 ரூபா எப்படிக் குடுப்ப? பக்கத்து வீட்டுல கேக்கலாம்னா அங்க பூஜ்யம். அப்புறம் எங்க போவ?” என்று கேட்டால் போதும். பிள்ளை கொஞ்ச நேரம் நோட்டையே பார்க்கும், பிறகு 5-ஐ அடித்து 4 ஆக்கும். பாராட்டும் கண்டிப்பும் அந்த ஒரே பேச்சில் வந்துவிட்டன. இரண்டுமே கணக்கைப் பற்றியவை, பிள்ளையைப் பற்றியவை அல்ல.

‘மக்கு’ என்று திட்டக்கூடாது என்பதை இப்போது யாரும் மறுப்பதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, அடிப்பதோடு சேர்த்து மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் ‘நீ புத்திசாலிடா’ என்பதிலும் சிக்கல் இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்துவிட்டுச் சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள். அதில் தோற்ற பிறகு மறுபடி பழையபடி சுலபமானவற்றைக் கொடுத்தபோது, புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் முதல் தடவையைவிடக் குறைவாகச் செய்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். தாங்கள் வாங்கிய மதிப்பெண்ணைத் தாங்களே எழுதச் சொன்னபோது, ‘புத்திசாலி’ குழுவில் பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் உண்மையைவிடக் கூட்டி எழுதினார்கள். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

அதற்காக எல்லோரிடமும் ‘நல்லா முயற்சி பண்ணின’ என்று சொல்லிக்கொண்டிருப்பதும் சரிப்படாது. தோற்றுப்போன பிள்ளைக்கு அது ஆறுதல் பரிசு மாதிரிதான் கேட்கும். சுலபமான கணக்குக்கு ஆகா ஓகோ என்றால் இன்னும் மோசம். ‘என்கிட்ட இவ்வளவுதான் எதிர்பார்க்கிறாங்க’ என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

மதிப்பெண் விஷயத்துக்கு வருவோம். விளக்கமாகக் குறிப்பு எழுதி, பக்கத்தில் 6/10 என்றும் போட்டால் பிள்ளை பார்ப்பது 6-ஐ மட்டும்தான். அடுத்த நிமிடம் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கும். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தேர்வுத்தாளில் மதிப்பெண் போட்டே ஆக வேண்டும், சரி. தினசரி நோட்டுக்கு எதற்கு?

பெற்றோர் கூட்டத்தில் ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோபத்தில் சொல்வதில்லை, நம்பிக்கையில் சொல்கிறார்கள். அவர்களிடம் சட்டம் பேசுவதைவிட நோட்டைத் திறந்து ‘இவனுக்கு இந்த இடத்தில்தான் தடுக்குது’ என்று காட்டுவது வேலை செய்கிறது. அதே கூட்டத்தில், பிள்ளையின் முன்னாலேயே ‘இவ அக்கா இப்படியில்ல’ என்று ஒரு வாக்கியம் வரும். அதை அங்கேயே நிறுத்த வேண்டியது ஆசிரியரின் வேலை என்று நான் நினைக்கிறேன். ‘அவனைப் பார்த்துக் கத்துக்கோ’ என்று வகுப்பில் சொல்வதும் அதே ரகம்தான். பாராட்டு வாங்கியவனுக்கும் இன்டர்வெலில் நிம்மதி இருக்காது.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லா நோட்டிலும் தினமும் குறிப்பு எழுத முடியாது. நான் ஒரு நாளைக்கு ஒரு வரிசையின் நோட்டுகளை மட்டும் நிதானமாகப் பார்க்கிறேன். மற்றவற்றில் பலருக்கும் பொதுவாக வந்த தப்பு ஒன்றை எடுத்து, யாருடையது என்று சொல்லாமல் கரும்பலகையில் எழுதிப் போட்டு, ‘இப்படிப் போட்டவங்க என்ன நினைச்சுப் போட்டிருப்பாங்க?’ என்று கேட்கிறேன். பெரும்பாலும் அந்தத் தப்பைச் செய்த பிள்ளைதான் முதலில் கை தூக்குகிறது.