பரிவர்த்தனையைப் படமாக்க உங்கள் கையெழுத்து தேவையில்லை

பிளாக்செயின் எனப்படும் பொது டிஜிட்டல் பேரேட்டில் நடந்த ஒரு பரிவர்த்தனையை எடுத்து, அதிலிருந்து ஓர் ஓவியத்தை உருவாக்கித் தருவது என் வேலையின் ஒரு பகுதி. தரவுகளைப் படமாக்கும் நிரல்களை எழுதுகிறேன். கிரிப்டோவில் முதல் சம்பளம் வாங்கியவர்களும், நண்பருக்கு முதன்முதலில் அனுப்பிய ஈத்தரைச் சுவரில் மாட்டிவைக்க நினைப்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். இப்போது அவர்களில் சிலர் கேட்பது இது: "ஒரு இணையதளத்தில் இலவசமாகவே வரைந்து தருகிறார்களாம். வாலட்டை இணைத்து ஒரு கையெழுத்து போட்டால் போதுமாம். போடலாமா?"

போடாதீர்கள். வாலட் என்பது கிரிப்டோவைக் கையாளும் செயலி, கையெழுத்து என்பது அதில் வரும் கோரிக்கைக்கு நீங்கள் தரும் ஒப்புதல். காரணம் புரிய, இந்தப் படம் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஈத்தர் ஓடும் பிளாக்செயினான எத்தீரியத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு ஹாஷ், அதாவது அதன் தரவிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண், உண்டு. 256 பிட் நீளமுள்ள எண் அது. 0-9, a-f ஆகியவற்றைக் கொண்டு 64 எழுத்துகளில் எழுதுவார்கள். இரண்டிரண்டு எழுத்தாகப் பிரித்தால் 32 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 0 முதல் 255க்குள் இருக்கும். முதல் எண் நிறத்துக்கு, அடுத்தது கோட்டின் தடிமனுக்கு, அதற்கடுத்தது வளைவுக்கு என்று நிரலில் விதி எழுதிவிட்டால் படம் வந்துவிடும். அதே ஹாஷைக் கொடுத்தால் எப்போது ஓட்டினாலும் அதே படம்தான். அனுப்பிய தொகையில் கடைசி இலக்கம் மட்டும் மாறியிருந்தால்கூட ஹாஷ் அடியோடு வேறாகிவிடும், படமும் வேறாகிவிடும்.

ஆனால் எண் தனித்துவமானது என்பதாலேயே படம் நன்றாக வந்துவிடாது. அழகு முழுக்க விதியை எழுதுபவரின் கையில் இருக்கிறது. எரிக் கால்டெரோன் 2020 நவம்பரில் தொடங்கிய ஆர்ட் பிளாக்ஸ் தளத்தில் வந்த படைப்புகளைப் பார்த்தால் இது புரியும். அங்கே வாங்குபவர் படத்தைப் பார்க்காமலேயே பணம் கட்டுவார். மின்ட் ஆகும், அதாவது படைப்பு பிளாக்செயினில் பதிவாகும் நொடியில் பிறக்கும் ஹாஷ்தான் அவருக்கு எந்தப் படம் என்பதை முடிவு செய்யும். டிமிட்ரி செர்னியாக்கின் 'ரிங்கர்ஸ்' வரிசையில் விதி மிக எளிது: சில முளைகள், அவற்றைச் சுற்றிப் போகும் ஒரு கயிறு. அப்படி வந்த 1,000 படங்களில் 879ஆம் எண் மட்டும் யாரும் திட்டமிடாமலேயே ஒரு வாத்தைப் போல அமைந்துவிட்டது. 2023இல் சோத்பீஸ் ஏலத்தில் அது சுமார் 62 லட்சம் டாலருக்குப் போனது. எனக்கு அந்த விலையைவிட, முளையும் கயிறும் போதும் என்று அவர் நிறுத்திக்கொண்டதுதான் பெரிய விஷயம்.

இன்னொரு வகையும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். ஹாஷைப் பார்த்து எவ்வளவு அனுப்பினார்கள், எப்போது அனுப்பினார்கள் என்று சொல்ல முடியாது. படம் அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால் உள்ளே இருக்கும் தரவை எடுக்க வேண்டும்: தொகை, கட்டணம், நேரம், அந்த முகவரியிலிருந்து அது எத்தனையாவது பரிவர்த்தனை என்பதெல்லாம். இதில்தான் புதிதாக வருபவர்கள் திணறுகிறார்கள். யுஎஸ்டிசி (டாலர் மதிப்பையொட்டிய கிரிப்டோ நாணயம்) போன்ற டோக்கனை அனுப்பியிருந்தால் பரிவர்த்தனையின் தொகை இடத்தில் பூஜ்யம்தான் இருக்கும். உண்மையான தொகை நிகழ்வுப் பதிவில், அதாவது லாகில் கிடக்கும். ஈத்தருக்கு 18 தசம இடங்கள், யுஎஸ்டிசிக்கு 6. கவனிக்காமல் விட்டால் யானை எறும்பாகிவிடும். நேரம் பரிவர்த்தனையில் இருக்காது, அது இடம்பெற்ற பிளாக்கில், அதாவது பரிவர்த்தனைத் தொகுப்பில் இருக்கும். பல பரிவர்த்தனைகளை ஒரே படத்தில் வைக்கும்போது தொகையை அப்படியே அளவாக்கினால் ஒரு பெரிய வட்டம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதனால் மடக்கை அளவுகோலில்தான் வரைவேன்.

சரி, இவ்வளவுக்கும் வாடிக்கையாளரிடம் நான் கேட்பது என்ன? ஹாஷ் மட்டும். வாலட்டின் முழு வரலாறு வேண்டுமென்றால் பொது முகவரி. மற்றதெல்லாம் ஈத்தர்ஸ்கேன் என்ற பொதுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய தகவல். ஆகவே படம் வரைய வாலட்டை இணைக்கச் சொல்லும் தளத்தைக் கண்டாலே ஒரு அடி பின்வாங்குங்கள். இணைப்பது முகவரியைக் காட்டுவது மட்டும்தான், பணம் போகாது. ஆபத்து அடுத்து வரும் கையெழுத்துப் பெட்டியில் இருக்கிறது.

அதில் 'செட் அப்ரூவல் ஃபார் ஆல்' என்று இருந்தால், அந்தத் தொகுப்பில் உங்களிடம் உள்ள எல்லா என்எஃப்டிகளையும் (பிளாக்செயினில் பதிவான தனித்தனி டிஜிட்டல் உடைமைகள்) எடுத்துக்கொள்ளும் உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்கிறீர்கள். 'பெர்மிட்' இன்னும் மோசம். அதற்கு நீங்கள் கேஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணம் கட்ட வேண்டாம், உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலிலும் எதுவும் தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு உங்கள் டோக்கனை அவர்கள் பிறகு எடுக்கலாம். "கட்டணமே இல்லை, வெறும் கையெழுத்துதானே" என்று நினைப்பவர்கள் விழுவது இங்கேதான். 2022 பிப்ரவரியில் என்எஃப்டி சந்தையான ஓப்பன்சீயின் பயனர்கள் 17 பேர் என்எஃப்டிகளை இழந்ததும் இப்படித்தான். ஏமாற்றுக்காரர்கள் நீட்டிய பாதி நிரப்பிய விற்பனை உத்தரவில் அவர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 12 அல்லது 24 வார்த்தைகள் கொண்ட சீட் ஃபிரேஸை, அதாவது வாலட்டின் முழுச் சாவியைக் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், பக்கத்தை மூடிவிடுங்கள். ஓவியம் வரைய அது எவருக்கும் தேவைப்படாது.

படத்தை என்எஃப்டியாகவும் மின்ட் செய்ய ஆசை என்றால் மட்டும் கையெழுத்து உண்மையிலேயே தேவை. அதற்குப் புதிதாக ஒரு வாலட் திறந்து, கட்டணத்துக்கு வேண்டிய ஈத்தரை மட்டும் அதில் போட்டுச் செய்யுங்கள். சேமிப்பு இருக்கும் வாலட்டை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அப்புறம், படம் எங்கே இருக்கப் போகிறது என்றும் கேளுங்கள். லார்வா லேப்ஸ் 2019இல் வெளியிட்ட 512 'ஆட்டோகிளிஃப்ஸ்' படங்களை வரையும் நிரல் பிளாக்செயினில் ஓடும் ஒப்பந்த நிரலுக்குள்ளேயே இருக்கிறது, எத்தீரியம் இருக்கும்வரை அதுவும் இருக்கும். 2022 நவம்பரில் கிரிப்டோ சந்தையான எஃப்டிஎக்ஸ் திவாலானபோது, அதன் சர்வரை நம்பியிருந்த என்எஃப்டிகளின் படங்கள் காணாமல் போயின.

கையெழுத்தே போடாவிட்டாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். படத்தின் கீழே ஹாஷை அச்சடிப்பதும் கியூஆர் கோடு வைப்பதும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டுக்கு வருபவர் அதை ஸ்கேன் செய்தால் உங்கள் முகவரி, அதில் இப்போது இருக்கும் இருப்பு, உங்களுக்குப் பணம் அனுப்பியவரின் முகவரி எல்லாம் திறந்துவிடும். அனுப்பியவரிடம் அனுமதி கேட்டீர்களா? நான் ஹாஷை அச்சடிப்பதில்லை. வாடிக்கையாளருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொற்றொடரை ஹாஷுடன் சேர்த்து, அதை எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் முறை வழியாக மறுபடி ஹாஷ் செய்து, அந்த எண்ணிலிருந்து வரைகிறேன். அதே இரண்டையும் கொடுத்தால் அதே படம் மீண்டும் வரும். சொற்றொடர் தெரியாதவரால் படத்திலிருந்து பரிவர்த்தனைக்குப் போக முடியாது. தொகையையும் நேரத்தையும் வைத்து வரைந்தால், இரண்டையும் தோராயமான எண்ணாக்கிவிடுவேன். துல்லியமான தொகையும் நிமிடமும் தெரிந்தால் பரிவர்த்தனையைத் தேடிப் பிடிப்பது கடினமல்ல.

ஏற்கெனவே எங்காவது கையெழுத்து போட்டிருந்தால் ரிவோக்.கேஷ் தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பிளாக்செயினில் பதிவான அனுமதிகளை யாருக்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரியும், அங்கேயே ரத்து செய்யலாம். இன்னும் பயன்படுத்தப்படாத 'பெர்மிட்' கையெழுத்து மட்டும் அந்தப் பட்டியலில் தெரியாது. அந்தத் தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள், தேடலில் வரும் விளம்பர லிங்கைத் தொடாதீர்கள். சீட் ஃபிரேஸையே கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரத்து செய்வதால் பயனில்லை, மிச்சம் இருப்பதை உடனே புது வாலட்டுக்கு மாற்றுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்யலாம். பணம் வெளியேறிய பரிவர்த்தனையின் ஹாஷ், போன முகவரி, அந்த இணையதளத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.